கன்ஸா நகரும் காணாத ஏரியும்

நாம் அறிந்த ஓர் இல்லத்தில் அண்மையில் நடந்தது இது. சீனத்தின் செஜியாங் மாநிலத்திலுள்ள ஈவூச் சந்தையில் சரக்கெடுக்கச் சென்ற இளைஞர் ஒருவர், வேலை முடிந்த மறுநாள் வடக்கேயுள்ள ஹாங்சௌ நகரைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஊர் திரும்பியிருந்தார். கைப்பேசியில் எடுத்து வந்த படங்களைக் குடும்பத்தார் அனைவரும் சூழ்ந்திருந்து பார்த்தனர். அகன்ற ஓர் ஏரி. அதன் குறுக்கே நீண்டு கிடக்கும் ஒரு கரை. மலையடிவாரத்துப் பாறையில் செதுக்கிய சிலைகள். ஓங்கி நிற்கும் ஓர் அடுக்குக் கோபுரம். எல்லாப் படங்களிலும் முன்பாதியை அடைத்துக்கொண்டு அவ்விளைஞரே நின்றிருந்தார். பொறுமையோடு அனைத்தையும் பார்த்து முடித்த அவருடைய நன்னிம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஏன் வாப்பா, இம்மாம் பெரிய குளத்தை யாரு வெட்டுனது?"

பேரனுக்கு விடை தெரியவில்லை. "அது தானா இருக்கிற ஏரி, நன்னிம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குத் தாவினார்.

எழுதப் படிக்கப் பழகாத அந்த மூதாட்டியின் கேள்வியை நாம் ஓர் இலக்கியக் கேள்வியாகவே கொள்கிறோம். தமிழில் இன்று வெளிவரும் பயணக் கட்டுரைகளை எடுத்துப் பாருங்கள். இறங்கிய விமான நிலையம், தங்கிய விடுதி, உண்ட உணவு, கண்ட இடங்களின் பட்டியல், 'கண்கொள்ளாக் காட்சி' என்னும் வியப்பு, இறுதியில் ஊர் திரும்பிய நிம்மதி. காட்சியைக் கண்டவர் யார் என்பது வரிக்கு வரி தெரிகிறது. அக்காட்சியை ஆக்கியவர் யார், காத்தவர் யார், அதன் நிழலில் வாழ்ந்து மடிந்தவர் யார் என்பது தெரிவதில்லை. பயண நூல் ஒன்றின் தகுதியை அளக்க நன்னிம்மாவின் கேள்வியைவிடச் சிறந்த அளவுகோல் நமக்குக் கிட்டவில்லை. அந்தக் கோலைக் கையிலெடுத்துக்கொண்டு, அதே ஹாங்சௌ நகரைப் பற்றிப் பழங்காலத்தவர் விட்டுச் சென்ற எழுத்துகளை, நம்மவரான இப்னு பதூதாவின் நூல் உட்பட, இங்கே எடைபோட முனைகிறோம்.

ஏரியை ஆக்கிய கைகள்

முதலில் நன்னிம்மாவுக்கு விடை சொல்லிவிடுவோம். ஹாங்சௌவின் புகழுக்கெல்லாம் மூலமான மேற்கு ஏரி, ஆதியில் சியான்தாங் ஆற்று முகத்துவாரத்தை ஒட்டிய ஒரு சிறு கடற்கழி. வண்டல் படிந்து வாய் அடைபட்டு அது ஏரியாயிற்று. மூன்று பக்கம் மலை, கிழக்கே நகரம். பரப்பு ஏறத்தாழ ஆறரைச் சதுர கிலோமீட்டர்தான். இவ்வளவு இயற்கையின் பங்கு. ஆனால் இயற்கையிடமே விட்டிருந்தால், வண்டல் மேலும் தூர்ந்து, களை மண்டி, அது எப்போதோ வயலாகியிருக்கும். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அதை ஏரியாகவே வைத்திருப்பவை மனிதக் கைகள்.

அக்கைகளுள் இரண்டு கவிஞர்களுடையவை என்பது எண்ணி மகிழத்தக்கது. தாங் பேரரசின் பெருங்கவிஞர் பாய் ஜூயி 822 முதல் 824 வரை இந்நகரின் ஆளுநராக இருந்தார். கரையை உயர்த்தி நீரைத் தேக்கினார். அதோடு நில்லாமல், ஏரி நீர் ஓர் அங்குலம் இறங்கினால் எவ்வளவு நிலம் பாயும் என்ற கணக்கை, தமக்குப் பின் வரும் ஆளுநர்கள் அறியும்பொருட்டு எழுதி வைத்துச் சென்றார். இன்று அவர் பெயரால் வழங்கும் கரை அவர் கட்டியதன்று. அவர் கட்டியது மறைந்துவிட்டது. மக்கள் தங்கள் நன்றியை எஞ்சியிருந்த வேறொரு கரையின்மேல் ஏற்றி வைத்துக்கொண்டார்கள்.

சொங் பேரரசின் கவிஞர் சூ தோங்போ 1089-இல் ஆளுநராக வந்தபோது ஏரியின் பாதியைக் களை மூடியிருந்தது. அவர் அரசவைக்கு அனுப்பிய விண்ணப்பத்தில் அழகைப் பற்றிய பேச்சு முதலிடம் பெறவில்லை. நகரத்தாரின் குடிநீர், உழவர்களின் பாசனம், வாய்க்கால் போக்குவரத்து என்று அவர் எழுதியவை எல்லாம் பிழைப்புக்கான காரணங்கள். 2 லட்சம் ஆள்-நாட்கள் வேண்டுமென்று கணக்கிட்டார். பணத்துக்கு வழி? வரி, கட்டாய உழைப்பு ஆகியவற்றிலிருந்து துறவியருக்கு விலக்களிக்கும் சான்றிதழ்களை அக்கால அரசு விலைக்கு விற்று வந்தது. அவற்றில் 100 கேட்டுப் பெற்று அந்தப் பணத்தைத் தூர்வாரச் செலவிட்டார். தோண்டிய சேற்றை எங்கே கொட்டுவது என்ற தொல்லைக்குத் தீர்வாக, ஏரியின் குறுக்கே தெற்கு வடக்காக அதையே குவித்தார். ஆறு பாலங்களோடு ஏறத்தாழ 2.8 கிலோமீட்டர் நீளும் அந்தச் சேற்று மேடுதான் இன்று உலகமெங்கிலுமிருந்து வருவோர் உலாவும் 'சூ கரை'. நம் இளைஞர் நின்று படம் எடுத்துக்கொண்டதும் அதன் மீதுதான்.

இந்த வரலாறு தெரிந்த பின் அந்தக் கரை அழகு குன்றிப் போகிறதா? நம் அனுபவத்தில் இல்லை. ஏரி வெட்டுவதும் குளம் தூர்வாருவதும் அறம் என்று அறிந்த மக்களுக்கு அது இன்னும் நெருங்கி வருகிறது. எழுத்தாளன் செய்ய வேண்டியது இந்த நெருக்கத்தை உண்டாக்குவதே.

பத்துக் காட்சி நோய்

தென் சொங் ஆட்சியில், அதாவது இந்நகர் தலைநகராக இருந்த 12, 13-ஆம் நூற்றாண்டுகளில், மேற்கு ஏரிக்குப் 'பத்துக் காட்சிகள்' என்று ஒரு பட்டியல் உருவாயிற்று. சூ கரையில் வசந்த விடியல், உடைந்த பாலத்தில் எஞ்சிய பனி, லெய்ஃபெங் கோபுரத்தில் அந்தி வெயில் என்று செல்லும் அது. ஓவியர்கள் வரைந்தார்கள், கவிஞர்கள் பாடினார்கள். 1699-இல் காங்ஷி பேரரசர் அப்பெயர்களைத் தம் கையால் எழுதித் தர, அவை கல்வெட்டாயின. பெயர்கள் அழகானவை என்பதில் ஐயமில்லை. ஆனால் பட்டியல் கல்லில் ஏறிய பிறகு பார்ப்பவனுக்கு வேலை குறைந்துவிட்டது. எங்கே நிற்க வேண்டும், எந்தப் பருவத்தில் வர வேண்டும், எதைக் கண்டு வியக்க வேண்டும் என்பது முன்கூட்டியே முடிவாகிவிட்டது.

இதைத் துணிந்து நோய் என்று சொன்னவர் சீன எழுத்தாளர் லூ சுன். 975-ஐ ஒட்டி வூயுவே மன்னர் கட்டிய லெய்ஃபெங் கோபுரம் 1924 செப்டம்பர் 25 அன்று இடிந்து விழுந்தது. காரணம் இடியும் அன்று, பூகம்பமும் அன்று. கோபுரத்துச் செங்கல் வீட்டுக்கு நன்மை தரும் என்று நம்பி, வந்தவரெல்லாம் அடித்தளத்திலிருந்து ஒவ்வொன்றாக உருவிச் சென்றதுதான். 'ஐயோ, பத்துக் காட்சிகளில் ஒன்று குறைந்ததே' என்று நாடு புலம்பிக்கொண்டிருந்த வேளையில், லூ சுன் 1924, 1925 ஆண்டுகளில் இரண்டு கட்டுரைகள் எழுதினார். எந்த ஊரானாலும் பத்துக் காட்சி இருந்தே தீர வேண்டும் என்று கணக்கை நிரப்பும் மனத்தை அவர் எள்ளி நகையாடினார். அதைவிட முக்கியமாக, தன் சிறு ஆதாயத்துக்காகப் பொதுவான ஒன்றைச் சத்தமின்றி அரித்துத் தின்னும் பழக்கத்தைச் சுட்டிக் காட்டினார். அப்படி அழிப்பதால் புதியதொன்றும் எழுவதில்லை, இடிபாடுதான் மிஞ்சும் என்பது அவருடைய கவலை.

அவரும் அழகிய காட்சியொன்றைப் பற்றித்தான் எழுதினார். ஆனால் செங்கல்லை உருவிய கைகளை அவர் கண்டார். அதனால் அவருடைய சிறு கட்டுரைகள் நூறாண்டு கடந்தும் உயிரோடிருக்கின்றன. கோபுரமோ 2002-இல் நகரும் படிக்கட்டுகளோடு புதிதாக எழுப்பப்பட்டுவிட்டது. பத்தின் கணக்கு மறுபடி நேராயிற்று.

இப்னு பதூதா கண்டதும் காணாததும்

இனி நம்மவரிடம் வருவோம். தாஞ்சியர் நகரில் 1304-இல் பிறந்த இப்னு பதூதா, நம் தமிழ் மண்ணுக்கும் வந்தவர். மதுரைச் சுல்தானின் கொடுமைகளை, அவர் தம் உறவினர் என்றும் பாராமல் எழுதிவைத்தவர். அங்கிருந்தெல்லாம் கடந்து 1340-களின் நடுவில் சீனம் சென்றதாக அவருடைய 'ரிஹ்லா' கூறுகிறது. சீனப் பகுதியில் காணப்படும் சில முரண்பாடுகளை வைத்து, அவர் உண்மையிலேயே அவ்வளவு தூரம் சென்றாரா என்று ஐயுறும் ஆய்வாளர் உண்டு. வழியில் கொள்ளையரிடம் உடைமைகளைப் பறிகொடுத்தவர், பல்லாண்டுகள் கழித்து ஃபாஸ் நகரில் நினைவிலிருந்து சொல்ல, இப்னு ஜுஸை என்பார் எழுதி 1355-இல் முடித்த நூல் அது. எனவே பிழைகள் இருப்பதில் வியப்பில்லை. நமக்கு இங்கே வழக்கு அவருடைய கால்கள் சென்றனவா என்பது பற்றியதன்று. அவருடைய நூல் எதைப் பார்க்கிறது என்பது பற்றியது.

ஹாங்சௌவை அவர் 'கன்ஸா' என்றழைக்கிறார். தம் சகோதரர்களுக்காகக் கையறுநிலை பாடிய அரபுப் பெண்கவி கன்ஸாவின் பெயரும் இதுவும் ஒன்றாயிருக்கின்றனவே என்று வியக்கிறார். உலகில் தாம் கண்ட நகரங்களுள் அதுவே மிகப் பெரியது என்கிறார். அதில் ஆறு நகரங்கள். அவற்றுள் ஒன்று முஸ்லிம்களுடையது. அங்கே எகிப்தியரான உஸ்மான் என்னும் வணிகரின் சந்ததியார் வீட்டில் பதினைந்து நாள் விருந்தினராகத் தங்குகிறார். ஊர்த் தலைவரான அமீர் குர்தை, முஸ்லிம் சமையற்காரர்களை வரவழைத்து விருந்து சமைக்கச் செய்து, தம் கையாலேயே பரிமாறுகிறார். அமீரின் மகனோடு படகில் செல்கையில் பாடகர்கள் சீனத்திலும் அரபியிலும் பாரசீகத்திலும் பாடுகின்றனர். பாரசீகப் பாட்டொன்றை அந்த இளவல் மறுபடி மறுபடி பாடச் சொன்னதால் தமக்கும் அது மனப்பாடமாயிற்று என்கிறார் நூலாசிரியர். படகுகள் ஒன்றோடொன்று ஆரஞ்சும் எலுமிச்சையும் எறிந்து விளையாடுகின்றன.

இவற்றினும் உயர்ந்த ஒரு பகுதி உண்டு. அரசுப் பட்டறைகளில் நேர்த்தியான துணிகளும் கருவிகளும் செய்யும் கைவினைஞர்களை அவர் காண்கிறார். அவர்கள் பேரரசரின் அடிமைகள். காலில் விலங்கு பூட்டியிருக்கிறது. பத்தாண்டு வேலை செய்தால் விலங்கு கழற்றப்படும். ஐம்பது வயதானால் வேலையிலிருந்து விடுதலையும் உணவும் கிடைக்கும். பட்டின் மென்மையை எழுதிய பயணிகள் ஆயிரம் பேர். பட்டு நெய்தவனின் கணுக்காலைக் குனிந்து பார்த்தவர் இவர். நன்னிம்மாவின் கேள்விக்கு இங்கே நிறைவான விடை இருக்கிறது.

ஆனால் ஏரி எங்கே? படகு சென்ற நீரை அவர் 'கலீஜ்' என்கிறார். வாய்க்கால் என்று கொள்ளத்தக்க சொல் அது. அதையே மேற்கு ஏரி என்று வைத்துக்கொண்டாலும், சூழ்ந்த மலைகள் பற்றி, கரையெங்கும் நிறைந்திருந்த பௌத்தக் கோயில்கள் பற்றி, சூ கரை பற்றி ஒரு வரியும் இல்லை. அவருக்கு முன் வந்த மார்க்கோ போலோ இதே நகரைக் 'கின்சாய்' என்றழைத்து, ஏரியையும் அதன் உல்லாசப் படகுகளையும் விரிவாகப் பேசுகிறார். பாலங்கள் 12,000 என்று எண்ணிக்கையை ஊதினாலும் ஏரியைக் கண்ணால் பார்த்திருக்கிறார்.

நம்மவர் ஏன் பார்க்கவில்லை? காரணத்தை அவரே ஒளிக்காமல் கூறுகிறார். சீனத்தின் நல்லவை எல்லாம் இருந்தும் அந்நாட்டில் தம் மனம் ஒட்டவில்லை. அங்கே ஓங்கியிருந்த பிற வழிபாடு தம் உள்ளத்தை வருத்தியது. வீட்டை விட்டு வெளியே சென்றால் வெறுக்கத்தக்கவை கண்ணில் பட்டன. ஆகவே தேவையின்றி வெளியே செல்லாமலிருந்தேன். முஸ்லிம் ஒருவரைக் கண்டால் சொந்த உறவினரைக் கண்டதுபோல் இருந்தது என்ற பொருள்பட எழுதுகிறார்.

இந்த வாக்குமூலத்தைப் படிக்கையில் நமக்கு இரண்டு உணர்ச்சிகள் ஒருங்கே எழுகின்றன. ஈவூவின் விடுதி அறையில் தனித்திருந்து, தமிழ்க்குரல் ஒன்று கேட்டதும் கதவைத் திறந்து ஓடிய அனுபவம் நம் வணிகர் பலருக்கு உண்டு. அவர்கள் இந்த வரியை விளங்கிக்கொள்வார்கள். ஆனால் விமர்சகனின் கடமை வேறு. உலகம் சுற்றிய பெரும் பயணி ஒருவர், கண்ணை மூடிக்கொண்டு வீட்டுக்குள் இருந்தேன் என்கிறார். அதைக் குறை என்று சொல்ல நாம் தயங்கக்கூடாது. 'நம்மவர்' என்னும் பெருமையால் அவருடைய நூலின் இருண்ட பக்கத்தைப் புரட்டாமல் விடுவது அவருக்கே செய்யும் அநீதி. அவர் மதுரைச் சுல்தானுக்கு அந்தச் சலுகையைக் காட்டவில்லை.

அவருக்குப் பார்க்கத் தெரியாமலில்லை என்பதற்கு அவருடைய நூலே சான்று. தெற்கே காண்டன் நகரின் நடுவில் ஒன்பது வாயில்களுடைய பெருங்கோயிலொன்றை அவர் வருணிக்கிறார். அதனுள் பார்வையற்றவர்களும் உடல் நலிந்தவர்களும் தங்கியிருப்பதையும், மருத்துவமனையும் மடைப்பள்ளியும் இருப்பதையும், அநாதைகளும் விதவைகளும் முதியோரும் அங்கே பேணப்படுவதையும் விரிவாக எழுதுகிறார். வழிபாட்டை அவர் ஏற்கவில்லை. வறியவனுக்கு இட்ட சோற்றை மதிக்க அது அவருக்குத் தடையாயிருக்கவில்லை. காண்டனில் திறந்த அந்தக் கண் கன்ஸாவில் ஏன் மூடிக்கொண்டது என்பதே நம் வருத்தம்.

கனவில் தேடியவர்

இப்னு பதூதாவைப் போலவே எல்லாவற்றையும் இழந்தபின் நினைவிலிருந்து எழுதிய இன்னொருவர் இந்த ஏரிக்கு உண்டு. அவர் ஷாவோசிங் ஊரினரான சாங் தாய். 1597-இல் செல்வக் குடும்பத்தில் பிறந்தவர். மேற்கு ஏரியின் கரையில் அவர் குடும்பத்தாருக்குத் தோட்டமும் மாளிகையும் இருந்தன. 1644-இல் மிங் ஆட்சி கவிழ்ந்தது. வீடு போயிற்று, மூன்று தலைமுறையாகச் சேர்த்த நூலகம் போயிற்று. மலைக்குள் ஒளிந்து பசியோடு வாழ்ந்தார். 1654-இலும் 1657-இலும் ஹாங்சௌவுக்குத் திரும்பி வந்தவர், தோட்டங்கள் இருந்த இடத்தில் இடிபாடுகளையே கண்டார். இதைப் பார்க்க வராமலிருந்திருந்தால் என் கனவிலிருந்த ஏரியாவது முழுமையாக இருந்திருக்குமே என்று கலங்கினார். அந்தக் கலக்கத்திலிருந்து பிறந்தது 'மேற்கு ஏரியைக் கனவில் தேடல்' என்னும் நூல். அதன் முன்னுரைக்கு அவர் இட்ட ஆண்டு 1671. கோயில், பாலம், கல்லறை, தோட்டம் என்று இடம் இடமாக, இழந்த ஒன்றைக் கணக்கெடுப்பவர்போல எழுதிச் செல்கிறார்.

அவருடைய இன்னொரு நூலில் ஏழாம் மாதத்து முழுநிலா இரவைப் பற்றிய குறிப்பு ஒன்று உண்டு. அன்று ஏரியில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, நிலாப் பார்க்க வந்தவர்களைத்தான் பார்க்கலாம் என்று தொடங்கி, வந்தவர்களை ஐந்து வகையாகப் பிரிக்கிறார். விளக்கும் மேளமுமாகப் பெரிய படகில் வந்து, நிலாவை ஏறிட்டும் பாராதவர்கள். தாங்கள் நிலாவைப் பார்ப்பதைப் பிறர் பார்க்க வேண்டும் என்பதற்காகவே வந்தவர்கள். கூச்சலிட்டுக்கொண்டு எல்லாவற்றையும் பார்ப்பதாகப் பாவனை செய்து எதையும் காணாதவர்கள். இப்படிச் சென்று, கடைசியில் மரநிழலில் சிறு படகை ஒதுக்கி, தேநீர் காய்ச்சி, யாரும் அறியாமல் நிலாவோடு இருப்பவர்களில் முடிகிறது அது. நானூறு ஆண்டுகளுக்கு முன் எழுதியவர் நம் கைப்பேசிப் படங்களை முன்கூட்டியே பார்த்துவிட்டாரோ என்று தோன்றுகிறது.

ஆனால் இவரையும் நாம் கண்மூடிப் போற்றுவதற்கில்லை. தம் ஏரியில் அவர் மிகுதியும் கண்டது தம் வகுப்பாரை. ஓடம் தள்ளியவன் அவருடைய நூலில் அருகித்தான் வாய் திறக்கிறான். வெறுப்பு என்று வந்தால் அவருடைய கண்ணும் சிவக்கிறது. ஏரிக்கு மேற்கே லிங்யின் கோயிலின் முன்னுள்ள 'பறந்து வந்த மலை'யில், 1624-இல் அவர் ஒரு சிலையைத் தேடிப் பிடித்து உடைக்கிறார். மங்கோலிய ஆட்சியில் பௌத்தத் துறவியரின் மேலாளராயிருந்து, பழைய சொங் மன்னர்களின் சமாதிகளைத் தோண்டிக் கொள்ளையிட்டவரின் உருவம் என்பதே காரணம். அதிர்ந்து நின்ற கோயில் துறவியரும் அது யாருடைய சிலை என்றறிந்ததும் மகிழ்ந்ததாக எழுதுகிறார். சிலை உடைப்பென்றால் ஒரு சமயத்தாரின் பெயரையே நினைவுகூரும் வரலாற்றாசிரியர்கள் இந்தப் பக்கத்தையும் படிக்கலாம். இங்கே சமாதிகளுக்கு நேர்ந்த அவமதிப்புக்கு முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் பழி தீர்க்கப்பட்டது. கல்லில் இருப்பது கலை மட்டுமன்று. கணக்குத் தீராத வரலாறும் அதில் இருக்கிறது.

கோயில் வாசலில்

அந்தப் 'பறந்து வந்த மலை'யின் கதை சுவையானது. நான்காம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து ஹுயிலி என்ற துறவி ஹாங்சௌ வந்தார். சுற்றியுள்ள மலைகளெல்லாம் மணற்கல்லாயிருக்க, ஒன்று மட்டும் குகைகள் நிறைந்த சுண்ணாம்புக்கல்லாய் வேறுபட்டு நின்றது. அதைக் கண்டதும், 'இது எங்கள் நாட்டு மலையல்லவா! எப்போது இங்கே பறந்து வந்தது?' என்று அவர் வியந்ததாகவும், அங்கேயே லிங்யின் கோயிலை நிறுவியதாகவும் கூறுவர். பிற்காலத்தவர் செதுக்கிய முந்நூறுக்கும் மேற்பட்ட சிலைகள் இன்று அம்மலையில் எஞ்சியுள்ளன. கதையை நாம் நம்ப வேண்டியதில்லை. ஆனால் வேற்று நாட்டில் நின்று ஒரு குன்றைத் தன் ஊர்க் குன்றாகக் கண்ட மனிதனின் ஏக்கம் அதில் இருப்பதை மறுக்க முடியாது. நகரின் பெயரில் அரபுக் கவியைக் கேட்ட இப்னு பதூதாவின் ஏக்கமும் அதுவேதான்.

இத்தகைய இடங்களுக்குச் செல்லலாமா, சென்றாலும் அவை பற்றி எழுதலாமா என்ற தயக்கம் நம் எழுத்தாளர்களிடம் உண்டு. அதனால் நம் பயணக் கட்டுரைகளில் கோயில்கள் ஒன்று முற்றாக விடுபடுகின்றன, அல்லது 'பிறகு ஒரு கோயிலையும் பார்த்தோம்' என்ற ஒற்றை வரியில் கடந்துபோகின்றன. பார்ப்பது வேறு, பணிவது வேறு. ஒன்பது நூற்றாண்டுகளுக்கும் முன்னர் அல்பீரூனி இந்திய நாட்டுச் சமயங்களை அவ்வவர் நூல்களின் வழியே விளங்கி எழுதினார். தம் ஈமானில் ஓர் அணுவையும் அவர் இழக்கவில்லை. பூமியெங்கும் சென்று முன்னோர் முடிவைக் கண்டு படிப்பினை பெறத் திருமறை நம்மைத் தூண்டுகிறது. கண்ணை மூடிக்கொண்டு செல்பவன் என்ன படிப்பினை பெறுவான்?

நாம் கேட்பது அதிகமில்லை. லிங்யினுக்குச் செல்பவர் சிலைகளைப் புகழவும் வேண்டாம், பழிக்கவும் வேண்டாம். அங்கே சென்றவர் என்ன கண்டார், யார் எதற்காக வந்திருந்தார்கள், யாருடைய பொருளில் அது கட்டப்பட்டது என்பதை உள்ளபடி எழுதட்டும்.

ஏரிக்கரையில் நம்மவர்

இப்னு பதூதா ஏரியைப் பாராததை நாம் இவ்வளவு தூரம் வருந்திப் பேசுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை இறுதிக்கென்று வைத்திருந்தோம்.

ஹாங்சௌ நகரின் நடுவே, சோங்ஷான் சாலையில், சீனர்கள் 'பீனிக்ஸ் பறவைப் பள்ளி' என்றழைக்கும் பள்ளிவாசல் உள்ளது. மங்கோலிய ஆட்சிக் காலத்தில் அலாவுத்தீன் என்னும் பெரியார் அதைக் கட்டியெழுப்பியதாகச் சீனக் குறிப்புகள் கூறுகின்றன. செங்கல்லால் ஆன மூன்று குவிமாடங்கள் வரிசையாக நிற்க, வெளியே கூரை மட்டும் சீனப் பாணியில் வளைந்திருக்கிறது. 1920-களின் இறுதியில் சாலையை அகலப்படுத்தியபோது அதன் முன்வாயில் பறிபோயிற்று. அந்தப் பள்ளியில் பழைய மீஸான் கற்கள் சுமார் 20 பாதுகாக்கப்பட்டுள்ளன. அவற்றில் அரபியும் பாரசீகமும் அழகுறப் பொறித்திருக்கின்றன.

அந்தக் கற்கள் எங்கிருந்து வந்தன தெரியுமா? சொங் பேரரசர்கள் ஏரியின் கிழக்குக் கரையில் 'ஜூஜிங்' என்றொரு அரச பூங்கா வைத்திருந்தார்கள். 1276-இல் நகரம் மங்கோலியர் வசமாயிற்று, பூங்கா பாழடைந்தது. அதன்பின் அந்த இடம் ஹாங்சௌ முஸ்லிம்களின் மையவாடியாயிற்று. பாரசீகத்திலிருந்தும் நடு ஆசியாவிலிருந்தும் வந்து, இங்கேயே வணிகமும் பதவியும் குடும்பமும் கண்டவர்கள், தங்கள் மையித்துகளை மலையைப் பார்த்த அந்த நீர்க்கரையில்தான் அடக்கினார்கள். இப்னு பதூதா கன்ஸாவில் தங்கியதாகச் சொல்லும் காலத்தில் அந்த மையவாடி இருந்தது.

அவர் உறவினரைப் போல் கண்டு மகிழ்ந்த மக்களின் உறவினர்கள், அவர் ஒரு வரியும் எழுதாத அந்த ஏரியின் கரையில் உறங்கிக்கொண்டிருந்தார்கள். ஏரி பிறருடையது, மலை பிறருடையது, நம்முடையது இந்த ஒரு வீடு மட்டும் என்று அவர் உள்ளேயே இருந்துவிட்டார். அங்கே வாழ்ந்தவர்களோ அந்த மண்ணைத் தம்முடையதாக ஏற்றுக்கொண்டு அதிலேயே கலந்துவிட்டார்கள். உஸ்மானின் சந்ததியார் தம் விருந்தினரை ஒரு மாலை வேளையில் அந்த மையவாடிக்கு அழைத்துச் சென்றிருந்தால், உலகப் பயண இலக்கியத்துக்கு ஓர் ஒப்பற்ற பக்கம் கிடைத்திருக்கும். அந்தப் பக்கம் எழுதப்படவில்லை. மீஸான் கற்களே அதற்குப் பதிலாக நிற்கின்றன.

இன்று அந்தப் பழைய ஜூஜிங் தோட்டம் இருந்த பகுதியில் ஒரு பூங்கா இருக்கிறது. அதன் பெயர் 'வில்லோ மரங்களிடையே மாங்குயில் ஓசை'. ஆம், பத்துக் காட்சிகளில் அதுவும் ஒன்று. ஈவூவிலிருந்து வரும் நம் பிள்ளைகள் அந்தப் பெயர்ப்பலகையின் அருகே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். குயில் கூவியதா என்று எழுதுகிறார்கள்.

அடுத்த முறை அங்கே செல்பவர் சற்று நின்று ஒரு ஃபாத்திஹா ஓதட்டும். திரும்பி வந்து நன்னிம்மாவிடம் சொல்லட்டும்: குளத்தைத் தூர்வாரியவர் ஒரு கவிஞர், சுமந்து கொட்டியவர்கள் பெயர் தெரியாத கூலியாட்கள், கரையில் உறங்குபவர்களில் நம்மவரும் உண்டு என்று. அதையே எழுதியும் அனுப்பட்டும். அப்படிப்பட்ட கட்டுரைக்கு நம் ஏடுகளில் இடம் எப்போதும் உண்டு.